ஆறாவது மூட்டை

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் வேதியியல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், பன்னெண்டு முட்டைன்னா ஒரு டஜன், புரியுது. கண்ணுக்கே தெரியாததை மோல் மோலா எண்ணி யாருக்கு என்ன ஆகப்போகுது?" வகுப்பே சிரித்தது. பாடப்புத்தகத்தில் இருந்ததைச் சொல்லி உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்தாள், கேள்வி உட்காரவில்லை. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகும் அவ்வப்போது வந்து எதிரில் நிற்கிறது.

நேற்று உன் கார்டைப் படித்தபோதும் வந்தது. ஐந்து மாதம் கழித்து நாலு வரி எழுதியிருக்கிறாய். மூன்று வரி நலம் விசாரிப்பு. நாலாவது வரி: "சலவை சோடாவில் எதைக் கலந்தால் கை எரியும்?"

ஏன் கேட்கிறாய்? சலவை ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருபது வருடம் இருப்பவன், அதில் எதைக் கலந்தால் கை எரியும் என்று அக்காவைக் கேட்கிறான் என்றால், யாரோ கலந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டான் என்று அர்த்தம். யார் அது?

விவரமாக எழுது. என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி நலம். உன் மனைவி எப்படி இருக்கிறாள்?

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாங்கள் நலம். இவளுக்குத்தான் இரண்டு மாதமாகக் கையெல்லாம் வெடிப்பு. களிம்பு தடவுகிறாள். வேறொன்றும் இல்லை.

விஷயம் இதுதான். ஜூலை முதல் வாரம் சலவை சோடா ஆறு மூட்டை வந்தது. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ, மொத்தம் முந்நூறு. மழையில் எங்கள் ஸ்டோர் கூரை ஒழுகியதால் மூட்டைகளைக் கொதிகலன் அறைக்குப் பின்னால் உள்ள அறையில் அடுக்கினோம். அந்த யோசனையைச் சொன்னதே கொதிகலன்காரன்தான். "நம்ம பக்கம் ஒரு ரூம் சும்மா கிடக்குது, ஒரு சொட்டு ஈரம் இருக்காது, கொண்டா" என்றான். அப்போது நல்ல மனசு என்று நினைத்தேன். எப்போதும் வாயில் விசில். அதனால் ஆலையில் அவனுக்கு அதுவே பெயர். அறைக்குச் சாவி இரண்டு. அவனிடம் ஒன்று.

பழைய சரக்கு தீரும் வரை அந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்தோமே தவிர நிறுத்துப் பார்க்கவில்லை. பிப்ரவரி கடைசியில் இருப்புப் பார்த்தபோது முந்நூறுக்கு நூற்றெழுபத்தேழு கிலோ குறைவு. தையல் கலையவில்லை. திருடுகிறவனுக்குத் தைக்கவும் தெரிந்திருக்கிறது. எடைகள்: 22, 22½, 22, 23, 22½.

உள்ளே பார்த்தால் கண்ணாடிக் கட்டி மாதிரி இருந்தது வெள்ளை மாவாகிக் கிடக்கிறது. ஒரு மூட்டையை ஆலையின் சலவைத் துறைக்குக் கொடுத்து ஒரு சலவை பார்த்தோம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் கறை கசக்கும் பெண்கள் "என்ன எழவைக் கொட்டினீங்க, கை எரியுது" என்று சத்தம் போட்டார்கள். எடுத்ததற்குப் பதிலாக எதையோ கலந்திருக்கிறான். எதை என்று நீ சொன்னால் போதும். சாக்கில் எழுத்தும் எண்ணுமாக என்னவோ அச்சடித்திருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி, பிறகு 10. பத்தாவது சரக்கு போலிருக்கிறது.

விசில் இப்போது விடுப்பில் இருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

வெந்நீர் ஒத்தடத்துக்கு முழங்கால் கேட்கிறது. உன் மனைவியிடம், கையைத் தண்ணீரில் அதிகம் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

சாக்கில் புள்ளிக்குப் பிறகு இருக்கும் அந்தப் பத்துதான் உன் திருடன்.

உங்கள் கொடியில் ஐம்பது ஈர விரிப்புகள் தொங்குகின்றன என்று வை. நீ எண்ணிப் பார்க்காமல் நிறுத்து மட்டும் பார்க்கிறாய். மாலையில் மறுபடி நிறுத்தால் பாதி எடை கூட இருக்காது. "விரிப்பைத் திருடிட்டாங்க" என்று கத்துவாயா? எண்ணினால் ஐம்பதும் இருக்கும். மோல் என்பது அந்த எண்ணிக்கைதான். துகள்கள் கண்ணுக்குத் தெரியாததால் நிறுத்து எண்ணுகிறோம். எது ஈரம், எது விரிப்பு என்று தெரிந்துகொண்டு நிறுக்க வேண்டும், அவ்வளவே.

ஒரு மோல் சோடா 106 கிராம். கட்டிச் சோடாவில் அதோடு பத்து மோல் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மோலுக்குப் பதினெட்டு, பத்துக்கு 180. ஆக மொத்தம் 286. உன் ஐம்பது கிலோ மூட்டையில் முப்பத்தொன்றரை கிலோ தண்ணீர், கல் வேடம் போட்டுக்கொண்டு! காய்ந்த சூடான அறையில் அந்தப் பத்தில் ஒன்பது மெல்ல மெல்லக் காற்றில் போய்விடும். கடைசி ஒன்று மட்டும் விடாப்பிடி. மிஞ்சுவது 124. ஐம்பது கிலோ மூட்டை 21.7 கிலோவாகும். கட்டி மாவாகும். உன் எடைகளைப் பார்.

கை எரிவதும் அதனால்தான். துறையில் பழைய எடைக்கே மாவை நிறுத்துப் போட்டிருப்பார்கள். அதே எடையில் இப்போது இரண்டு மடங்குக்கு மேல் சோடா இருக்கிறது. யாராவது எடுத்துக்கொண்டு வேறெதையோ கலந்திருந்தால் சோடா வீரியம் குறைந்திருக்குமே, ஏறியிருக்காதே?

இருந்தாலும் சோதிக்காமல் சொல்லமாட்டேன். ஒரு கை மாவைக் காகிதத்தில் மடித்து அனுப்பு.

இரண்டு கேள்வி. ஆறு மூட்டை என்று எழுதினாய். எடை ஐந்துதான் இருக்கிறது. விட்டுப்போனதா? விசில் விடுப்பில் இருக்கிறார் என்றாய், உடம்புக்கு முடியவில்லையா?

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். நலம். மாவு இதோடு இருக்கிறது.

ஆறாவது மூட்டை கதவோரம் இருந்த கிழிந்த மூட்டை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விட்டேன். பதினொரு கிலோ. அதுவும் மாவுதான்.

விசிலை மார்ச் முதல் தேதியே நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று எழுதிக் கேட்டார். நான் உள்ளதை எழுதிக் கொடுத்தேன். முடிவு அவருடையது. என்னைக் குறுக்குக் கேள்வி கேட்காதே, அக்கா. ஆலையில் கேட்டது போதும்.

தம்பி

*

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலம்.

கடையில் புதுக் கட்டிச் சோடா வாங்கினேன். பத்து கிராம் கட்டியை ஒரு பாத்திரத்திலும், உன் மாவு பத்து கிராமை இன்னொன்றிலும் கரைத்தேன். நுரை அடங்கும் வரை சிறு கரண்டியால் வினிகர் ஊற்றி எண்ணினேன். கட்டிக்குப் பதினேழு கரண்டி. மாவுக்கு முப்பத்தொன்பது. இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல். சமையலறை முழுக்கப் புளித்த வாடை. ஆனால் சந்தேகம் தீர்ந்தது. அது கலப்படமில்லாத சோடா, தண்ணீரை இழந்த சோடா. அந்த ஐந்து மூட்டையிலிருந்து யாரும் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. விசில் நிரபராதி. நீ கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அவர் வேலை போய்விட்டது. அதை நீ முதல் கடிதத்திலும் சொல்லவில்லை, இரண்டாவதிலும் சொல்லவில்லை.

இனி ஆறாவது மூட்டை. ஒரு முழு மூட்டையில் 175 மோல் சோடா இருக்கும். கட்டியானாலும் மாவானாலும் 175தான். பதினொரு கிலோ மாவில் இருப்பது 89 மோல்தான். மீதி 86 மோல், கட்டியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ. தண்ணீர் காற்றில் போகும், தம்பி. சோடா போகாது. அதற்குக் கைகால் வேண்டும்.

ஜூலை முதல் பிப்ரவரி வரை முப்பத்தைந்து வாரம். வகுத்தால் வாரம் எழுநூறு கிராம். மூட்டை தூக்குகிற திருடன் இப்படி எடுக்கமாட்டான். இது வீட்டுக்கு எடுத்துப் போகிற அளவு.

சாவி இரண்டு என்றாய். ஒன்று விசிலிடம் என்றும் சொன்னாய். மற்றது?

உன் அக்கா

*

மே 2

அன்புள்ள என் தம்பி மனைவிக்கு,

நலமா? உன் கை எப்படி இருக்கிறது? அவன் கடிதம் போட்டு மூன்று வாரமாகிறது. உன் கை வெடிப்புக்குக் காரணம் தெரிந்தால் நல்ல களிம்பாகச் சொல்லலாம். எதைக் கொண்டு துவைக்கிறாய்?

உன் அண்ணி

*

மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

கும்பிடுகிறேன். உங்கள் கடிதம் கண்டதில் ரொம்பச் சந்தோஷம். உங்கள் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறார். ஆலையில் என்னவோ தொல்லை போல.

தெருமுனை கிளினிக்கில் இருப்பவர்களின் வெள்ளைக் கோட்டுகளை ஒரு வருடமாக நான்தான் துவைத்துத் தருகிறேன். அதற்கு அவர் ஆலையிலிருந்து சோடா கொண்டுவருவார். சாப்பிட்ட டிபன் பாக்ஸைக் கழுவி, அதில் வாரம் ஒரு தடவை நிரப்பி வருவார். "வேலைக்காரங்களுக்குக் கொடுக்கிறதுதான்" என்றார். முதலில் கற்கண்டு மாதிரி இருக்கும். பொங்கிப் போன சுண்ணாம்பு மாதிரி மாவாக வர ஆரம்பித்ததிலிருந்துதான் கை இப்படி. அதே ஒரு கரண்டிதான் போடுகிறேன், அண்ணி. மார்ச்சிலிருந்து கொண்டுவருவதில்லை, பழையதில் கொஞ்சம் டின்னில் இருக்கிறது. அதைப் போடலாமா, கூடாதா?

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் டிபன் பாக்ஸில் எவ்வளவு சோடா பிடிக்கும்? நிறுத்து எழுது.

உன் அக்கா

*

மே 20

அக்கா,

எழுநூறு கிராம் பிடிக்கிறது.

மூன்று நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளிடம் கேட்டேன், நீ எழுதியதையும் தான் பதில் எழுதியதையும் சொன்னாள். "நான் என்ன தப்பா எழுதிட்டேன்?" என்று கேட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், விசில்தான் எடுத்தான் என்று நான் நம்பினேன். நான் எடுத்தது இருபத்தைந்து கிலோ. குறைந்தது நூற்றெழுபத்தேழு. மீதியை வேறு யாராவது எடுத்திருக்கத்தானே வேண்டும்? நானே எடுக்கிறேன், அவன் எடுக்கமாட்டானா என்று தோன்றியது. என் பங்கும் அவன் தலையில் போய்விட்டால் போகட்டும் என்றும் தோன்றியது. அதையும் எழுதிவிட்டேன்.

ஒரு உதவி செய். ஐந்து மூட்டைக்கு மட்டும் உன் கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்பு. தண்ணீர்தான் போனது என்று மேனேஜரிடம் காட்டுகிறேன். விசிலைத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஆறாவதைக் கிழிந்த மூட்டை என்று தள்ளிவிடலாம். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது.

தம்பி

*

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

தன்னைப் போல் பிறரையும் நினை என்பார்கள். நீ நினைத்தாய், அதுதான் வினையாகப் போயிற்று.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மூட்டைக் கணக்கை எழுதவும் தொடங்கினேன், பொய் சொல்லமாட்டேன். நீ என் தம்பி. சின்ன வயதில் என் உண்டியலிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் ஈயத் தகட்டைப் போட்டு எடையைச் சரிக்கட்டினாயே, அப்போதும் அம்மாவிடம் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

முப்பத்து நாலு வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டு விடையை மட்டும் சரியாக்கிக் கொண்டுவந்த பிள்ளைக்கு நான் மார்க் போட்டதில்லை.

இதோடு இருக்கும் தாளில் ஆறு மூட்டைக்கும் கணக்கு இருக்கிறது. ஐந்து வரியில் தண்ணீர். ஆறாவது வரியில் தண்ணீர் பதினாலரை கிலோ, சோடா இருபத்தைந்து கிலோ. யார் எடுத்தது என்று நான் எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நான் மேனேஜருக்கு எழுதமாட்டேன். உன் கையால் கொடு. ஜூன் முடியும் வரை பார்ப்பேன். அதற்கு மேல் நானே ரயில் ஏறுவேன், இந்த முழங்காலோடு.

உன் மனைவியிடம் சொல்: டின்னில் இருப்பதைப் போடக்கூடாது. கைக்குக் கெடுதல் என்பது ஒரு காரணம்.

உன் அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? ரயில் டிக்கெட் எடுத்துவிடாதே. ஜூன் இருபத்தெட்டாம் தேதி கொடுத்தேன்.

மேனேஜர் தாளை இரண்டு தடவை படித்தார். "தண்ணியா? நூத்தைம்பது கிலோ தண்ணி எங்கய்யா போச்சு? தரைகூட ஈரமில்லையே?"

"காத்துல போச்சு சார்."

பேனாவை ஆறாவது வரியில் வைத்தார். "இருபத்தஞ்சு கிலோ சோடா. இதுவும் காத்துல போச்சா?"

"இல்ல சார். அது என் டிபன் பாக்ஸ்ல போச்சு."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டார். ஈரத் துணி மூட்டை இழுக்கும் வண்டிக்கு மாற்றிவிட்டார். விசிலை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தார். போன மாதங்களின் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்துத்தான் வேலைக்கு எடுத்திருக்கிறார். சாவி இப்போது விசிலிடம்.

இவள் டின்னில் மிச்சமிருந்ததைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்கே வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. விசில்தான் இறக்கிவைத்தார். "இதை எதுக்கும்மா வெயில்ல சுமந்துக்கிட்டு வந்தே? கையைக் காட்டு. மருந்து போடுறியா?" என்று கேட்டார். அவளிடம் அவ்வளவு பேசினார்.

என்னிடம் ஒரே வார்த்தை. சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட்டருகே வந்து நிற்கிறார். மற்றவர்கள் போகிறார்கள். நான் வந்ததும் "திற" என்கிறார். டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். குனிந்து உள்ளே பார்க்கிறார், மூடச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். தினமும். நேற்று வேண்டுமென்றே பாக்ஸைக் கொண்டுபோகவில்லை. "எங்கே?" என்றார். இன்று கொண்டுபோனேன்.

கொதிகலன் பக்கம் விசில் சத்தம் கேட்கிறது. நான் வண்டியோடு அந்தப் பக்கம் போனால் நின்றுவிடுகிறது. இது எவ்வளவு நாளைக்கு, அக்கா?

தம்பி

*

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கவலையாக இருந்தது. இரண்டாவது தடவை, எந்த வரியையும் நீ விழுங்கவில்லை என்று தெரிந்தது. இன்று மாடிப்படிகூட அவ்வளவு முறைக்கவில்லை.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்கிறாய். அவருக்கு நான்கு மாதம். உனக்கும் ஏறக்குறைய அவ்வளவு ஆகலாம், கூடவும் ஆகலாம். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அவர் திற என்றால் திற. கழுவித் துடைத்த பாக்ஸாக இருக்கட்டும். ஒரு நாள் அவர் கேட்க மறந்தாலும் நீயாகத் திறந்து காட்டு.

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை. நீயாவது ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடு. கடையில் கட்டிச் சோடா வாங்கு, காசு கொடுத்து. நூறு கிராம் நிறுத்து, ஒரு தட்டில் பரப்பி, மூடாமல் காய்ந்த இடத்தில் வை. தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிக்கொள். எடை நாற்பத்து மூன்றில் வந்து நிற்கும். அதற்கு எத்தனை நாளானாலும் பொறு. அதற்கும் கீழே காட்டினால், வீட்டில் யாரையும் சந்தேகப்படாதே. முதலில் உன் தராசைச் சோதித்துப் பார்.

உன் அக்கா